மேலே மேகம், கீழே தண்ணீர்

மார்ச் 3

தம்பிக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை. முதலில் திட்டிவிடுகிறேன், நலம் விசாரிப்பது அப்புறம்.

நேற்று நடுப்பகலில் எதற்காகப் போன் செய்தாய்? செய்ததோடு நிற்காமல், நான் எடுத்ததும் "சும்மாதான்க்கா, உன் குரலைக் கேக்கணும்போல இருந்துச்சு" என்று வேறு சொன்னாய். உன் நம்பரைப் பார்த்த கையோடு நான் கரையில் இருக்கும் இரும்புக் குழாயில் ஸ்பேனரால் அடித்துவிட்டேன். உன் மாமா ஆற்றின் நடுவிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தார். கரை ஏணியில் இடறி முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துபோயிற்று. மேலே வந்து மூச்சு வாங்க நின்று, எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று கேட்டார். தண்ணீர் வரவில்லை, என் தம்பிக்கு அக்கா ஞாபகம் வந்திருக்கிறது என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்?

நாம் பேசி வைத்தது என்ன? மேலே அணையில் தண்ணீர் திறந்தால் மட்டும் உன் போன் அடிக்க வேண்டும். அடித்தால் நான் குழாயில் தட்டுவேன், அவர் கரையேறுவார். வேறு எதற்கும், நல்லதுக்கோ கெட்டதுக்கோ, நீ கூப்பிடக் கூடாது. ராத்திரி சாப்பிடும்போது உன் நம்பர் வந்தாலும் என் கை ஸ்பேனரைத் தேடும். ஆகவே இனி எதுவானாலும் எழுது. எழுத்து வந்து சேர ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

உனக்கு ஆற்றின் மேல்பாதிதான் தெரியும். கீழ்ப்பாதியில் நடப்பதைக் கேள். ஊருக்குக் குடிதண்ணீர் எடுக்க ஆற்றின் நடுவில் ஒரு வட்டக் கிணறு கட்டியிருக்கிறார்கள் அல்லவா, அதைச் சுற்றிக் கம்பிவலை. முன்பு நாள் முழுக்க ஒரே அளவாகத் தண்ணீர் ஓடும். உன் மாமா சின்னப் படகில் போய்க் கொக்கிக் கழியால் வலையில் சிக்கிய குப்பையை எடுத்துவிட்டு வந்துவிடுவார். நீங்கள் மேலே சோலார் போட்டதிலிருந்து பகலில் தண்ணீரே இல்லை. முழங்கால் அளவுகூட இருப்பதில்லை. படகு தரை தட்டுகிறது. சாயங்காலம் மொத்தமாகத் திறந்துவிடுகிறீர்கள். அந்த வேகத்தில் பாசியும் கந்தலும் பாலித்தீனும் வந்து வலையில் அப்பிக்கொள்கின்றன. மறுநாள் பகலில் தண்ணீர் வடிந்த பிறகு அவர் நடந்து போய்க் கையாலேயே பிய்த்து எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பம்ப் காற்றை இழுக்கும், மேட்டுத் தெருக்களில் ஒரு குடம் தண்ணீர் வராது, ஊரே அவரைத்தான் திட்டும்.

ஆக, தினமும் நடுப்பகலில் என் வீட்டுக்காரர் ஆற்றின் நடுவில் நிற்கிறார். நான் கரையில் உட்கார்ந்து கடைக்காரர் கொடுத்த சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு மடியில் போனை வைத்துக் காத்திருக்கிறேன். இதுதான் எங்கள் குடித்தனம். நீ நன்றாக இருக்கிறாயா? சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

திட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. இரண்டு தரம் படித்தேன். மாமாவின் காலுக்கு மருந்து போட்டாயா? அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். இல்லை, சொல்லாதே, அவர் சிரிப்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

தண்ணீரைத் திறப்பது நான் என்று நீ இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். அணைக்கு மேலே இருக்கும் பொட்டல் முழுவதும் இப்போது பேனல்கள்தான். அங்கே வெயிலில் கிடைக்கும் மின்சாரமும், அணைக்குக் கீழே எங்கள் டர்பைன் தரும் மின்சாரமும் ஒரே லைனில் நகரத்துக்குப் போகின்றன. இவ்வளவு தருவோம், ஏற்ற இறக்கம் இல்லாமல் தருவோம் என்று நகரத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். வெயில் இருந்தால் பேனல் தரும். நாங்கள் தண்ணீரை மூடிச் சேர்த்துவைப்போம். பொழுது சாய்ந்தால் தண்ணீர் தரும். நல்ல யோசனைதான், அதில் குறை சொல்ல முடியாது. இந்தக் கோடையில் அணை வற்றாமல் இருப்பதே இதனால்தான்.

சிக்கல் பகலில் வரும் மேகம். ஒரு பெரிய மேகம் பேனல்களுக்கு மேலே வந்து நின்றால் மின்சாரம் சட்டென்று விழும். அந்தப் பள்ளத்தை அந்த நிமிடமே தண்ணீரால் நிரப்ப வேண்டும். அதைக் கம்ப்யூட்டர் செய்கிறது. எங்களைக் கேட்பதில்லை. அதற்கு நாங்கள் "மாப்பிள்ளை" என்று பேர் வைத்திருக்கிறோம். எதற்கும் வாயைத் திறந்து கேட்க மாட்டார், ஆனால் அவர் நினைத்தது நடந்தாக வேண்டும். டர்பைன் உறும ஆரம்பித்தால், மாப்பிள்ளை எழுந்துவிட்டார் என்போம்.

முன்பு உத்தரவு வாய்வார்த்தையாக வரும். நான் கீழே பம்ப் ஹவுசுக்குச் சொல்லி, சங்கு ஊதி, பதில் வந்த பிறகுதான் திறப்பேன். இப்போது நான் நாற்காலியில் உட்கார்ந்து திரையில் ஓடும் எண்களைப் பார்க்கிறேன். திறந்தது திறந்த பிறகுதான் எனக்கே தெரியும். உங்கள் இடத்துக்குத் தண்ணீர் வந்து சேர அரை மணி நேரம் ஆகும் என்பதால்தான் என் போனுக்கு ஏதோ மரியாதை இருக்கிறது. கன்ட்ரோல் ரூமில் போன் கூடாது. கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு ஓடி வந்து அடிக்கிறேன். எனக்கு நீரிழிவு என்று இங்கே எல்லோரும் முடிவே செய்துவிட்டார்கள்.

சங்கு ஊதக் கூடாதா என்று எங்கள் ஷிப்ட் என்ஜினியரிடம் கேட்டேன். கெட்ட மனிதர் இல்லை. "சங்கு இப்ப பெரிய மதகுக்கு மட்டுந்தாம்பா. டர்பைன் தண்ணிக்கெல்லாம் ஊதினா நாள் பூரா ஊதிக்கிட்டே இருக்கணும். அப்புறம் நிஜமா வெள்ளம் வரும்போது ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்" என்றார்.

மேகம் வந்தால் அடிப்பேன். குரல் கேட்க ஆசை வந்தால் எழுதுவேன்.

தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

உன் கடிதத்துக்குப் பிறகு நீ அடித்த ஒவ்வொரு முறையும் தண்ணீர் சொல்லிவைத்த மாதிரி வந்தது. நான் குழாயில் அடிப்பேன், அவர் தலையை நிமிர்த்திப் பார்ப்பார், கையிலிருக்கும் குப்பையைக் கூடையில் போட்டுவிட்டு நிதானமாக நடந்து வருவார். மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி. நான் கரையில் நின்று கத்துவேன். அவர் ஏணியில் ஏறி, திரும்பி நின்று, கிணற்றைச் சுற்றித் தண்ணீர் ஏறுவதை ஏதோ தானே வரவழைத்த மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாடு!

அவருடைய சூப்பர்வைசரிடம் போய்ப் பேசினேன். இது மின்சாரக்காரர்கள் பார்க்க வேண்டிய விஷயம் என்றார். மின்சார ஆபீசில் கேட்டால் ஆற்றுக்குள் ஆளை இறக்குவது குடிநீர்க்காரர்கள் வேலை, எங்களைக் கேட்டா இறக்குகிறார்கள் என்றார்கள். இரண்டு பேரும் உட்காரச் சொன்னார்கள், மரியாதையாகப் பேசினார்கள். நான் வந்த வழியே திரும்பி வந்தேன்.

ஒரே ஒரு பயம். பம்ப் ஓடும்போது சத்தத்தில் சில சமயம் போன் கேட்பதில்லை. ஒரு நாள் நான் எடுக்காவிட்டால் நீ என்ன செய்வாய்? அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்க உன்னால் முடியாதா? ஒரு ஆள் கரையேறுகிற நேரம் போதும். கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று தெரிகிறது. தெரிந்தேதான் கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

பிடித்து வைத்தேன்.

போன வாரம் மத்தியானம் திடீரென்று மேகம் திரண்டது. வராந்தாவில் நின்று அடித்தேன், நீ எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். மாமாவின் நம்பருக்கு அடித்தேன், அது சட்டையோடு கரையில் தொங்கிக்கொண்டிருக்கும் என்று தெரிந்தும் அடித்தேன். உள்ளே டர்பைன் மெதுவாக உறும ஆரம்பித்துவிட்டது. ஓடிப் போய் மாப்பிள்ளையின் பிடியிலிருந்து டர்பைனை என் கைக்கு மாற்றினேன். அதற்கு ஒரு சாவி இருக்கிறது, பழுது பார்க்கும்போது மட்டும் திருப்புவது. திருப்பிவிட்டு, மூடியே வைத்திருந்தேன். என்ஜினியர் ஓடி வந்து என் தோளைப் பிடித்தார். "என்னடா பண்றே? லைன் விழுதுடா" என்றார். கீழே ஆள் நிக்கிறாங்க என்று நான் சொன்னேன். அவர் கை ஒரு நிமிடம் அப்படியே நின்றது, அக்கா. அப்புறம் என்னை நகர்த்திவிட்டுச் சாவியைத் திருப்பினார். அதற்குள் லைன் விழுந்து டர்பைனும் நின்றுவிட்டது, தண்ணீர் திறக்கவே இல்லை.

நகரத்தில் ஒரு பக்கம் முழுக்க மின்சாரம் போய்விட்டதாம். ஏதோ ஆலையில் தறிகள் நின்றனவாம், ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டார்களாம். அடுத்த நாள் விசாரணை. நீளமான மேசை, அந்தப் பக்கம் ஐந்து பேர். எப்போது திருப்பினேன், யார் அனுமதி, போன் எப்படி உள்ளே வந்தது, முன்பு எத்தனை முறை என்று கேட்டார்கள். என் அக்கா வீட்டுக்காரர் ஆற்றில் இருந்தார் என்றேன். ஒருவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு, அது தனிப்பட்ட காரணம் என்று போட்டுக்கொள்ளலாமா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அந்த அறையில் ஆற்றைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வேலையிலிருந்து எடுக்கவில்லை. மேலே பேனல்களைப் பராமரிக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை போகிறேன்.

நீ ஏன் எடுக்கவில்லை என்று கேட்க மாட்டேன். மாமா பத்திரமாக இருக்கிறாரா என்பதை மட்டும் உடனே எழுது. போன் செய்து கேட்க என் விரல் பத்து முறை போயிருக்கும். நீ மறுபடியும் குழாயில் அடித்துவிடுவாயே என்று அடக்கிக்கொண்டேன்.

தம்பி


ஏப்ரல் 25

தம்பிக்கு,

அவர் அன்று ஆற்றிலேயே இல்லை.

பம்பில் ஏதோ பட்டை அறுந்துபோய் அதை மாற்ற உள்ளே போயிருந்தார். நானும் உள்ளே போய் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன். போன் தையல் கூடையில் சட்டைகளுக்கு அடியில் கிடந்தது. வெளியே வந்து பார்த்தபோது உன் நம்பர் அத்தனை முறை வந்திருந்தது. ஆற்றைப் பார்த்தேன், தண்ணீர் ஏறவில்லை. சரி, மேகம் கலைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உன் கடிதம் வரும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது.

இதை உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். அப்புறம் வெளியே போய்ப் படகைக் கழுவினார், தரை தட்டிக் கிடக்கிற படகை. திரும்பி வந்து, "அவன் வேலைக்கே உலை வச்சுட்டோமே" என்றார்.

கேட்டது நான். திட்டு வாங்கியது நீ. இப்போது கேட்க வேண்டியதை மட்டும் கேட்டுவிடுகிறேன். உன் நாற்காலியில் இப்போது யார் இருக்கிறார்கள்? என்ன மனிதர்? கையைக் காலைப் பிடித்தாவது கேட்டால் ஒரு போன் செய்ய மாட்டாரா?

அக்கா


மே 9

அக்காவுக்கு,

என் நாற்காலியில் யாரும் இல்லை. இனி நகரத்திலிருந்தே பார்த்துக்கொள்வார்களாம். கன்ட்ரோல் ரூமைப் பூட்டிவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு நாள் திறந்து தூசி தட்டுகிறார்கள்.

இப்போது நான் இருக்கும் இடத்தை நீ பார்க்க வேண்டும். எங்கே திரும்பினாலும் கண்ணாடிப் பலகைகள். நடுவே ஒரு தகரக் கொட்டகை, அதில் நாங்கள் மூன்று பேர். தண்ணீர் வண்டியோடு வரிசை வரிசையாகப் போய்ப் பேனல்களைக் கழுவுகிறோம். பறவை எச்சத்தைச் சுரண்டுகிறோம். மரமே கிடையாது. நிழல் விழும் என்று ஒரு புல்லைக்கூட வளர விடுவதில்லை. ஆகவே மேகம் ஒன்று வந்தால் எங்களுக்குத்தான் முதலில் சந்தோஷம். கூட இருக்கிறவர்கள் சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டு நிம்மதியாக உட்காருவார்கள். நான் மட்டும் எழுந்து நின்று ஆறு இருக்கும் திசையைப் பார்ப்பேன்.

நான் இப்படி யோசித்திருக்கிறேன். தண்ணீர் திறந்தது எனக்குத் தெரியாது, ஆனால் திறக்க வைக்கிற மேகம் என் தலைக்கு மேலேதான் வருகிறது. இங்கே போனுக்குத் தடை இல்லை. மேகம் வரும்போதெல்லாம் உனக்கு அடிக்கிறேன். எந்த மேகத்துக்கு மாப்பிள்ளை எழுந்திருப்பார், எதற்கு எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரிய வழியில்லை. சின்னதாக இருந்தால் வேறு எங்கிருந்தாவது மின்சாரத்தை இழுத்துச் சமாளித்துவிடுவார்கள். அது அங்கே நகரத்தில் முடிவாகிற விஷயம். எல்லாவற்றுக்கும் அடித்துவிட்டால் தப்பில்லை, இல்லையா? வெறும் கையோடு சும்மா நிற்பதற்குப் பதில் இதையாவது செய்கிறேன்.

தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

நீ கோபித்துக்கொள்ளக் கூடாது.

மேகக் காலம் ஆரம்பித்ததிலிருந்து உன் போன் ஓயவில்லை. நேற்று மட்டும் அவர் ஆறு தடவை கரையேறினார். ஒரு தடவைகூடத் தண்ணீர் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அரை மணி, முக்கால் மணி கரையில் உட்கார்ந்துவிட்டு மறுபடி இறங்குகிறார். பாதி வலைகூட முடியவில்லை. சாயங்காலம் பம்ப் காற்றை இழுத்தது, மேட்டுத் தெருப் பெண்கள் வெறும் குடத்தோடு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? சூப்பர்வைசர் வந்து, வேலைக்கு வேறு ஆள் இல்லாமல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று மூன்றாவது முறை நான் குழாயில் அடித்தபோது அவர் நிமிரவே இல்லை. கையை மட்டும் ஆட்டினார். நான் தொண்டை வறளக் கத்தினேன். "உன் தம்பி காக்கா பறந்தாக்கூட போன் பண்றான். நீ தைக்கிற வேலையப் பாரு" என்றார். தண்ணீர் வரவில்லை. அவர் ஜெயித்துவிட்டார். கரைக்கு வந்து அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

தண்ணீர் வராததற்கு நான் அழுதேன் என்றால் நம்புவாயா? வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்தும், ஒரு தடவையாவது கொஞ்சம் வந்திருக்கக் கூடாதா, இந்த மனிதருக்குப் புத்தி வந்திருக்குமே என்று தோன்றிற்று. இந்த ஆறு என்னை இப்படி எல்லாம் நினைக்க வைத்துவிட்டது.

கொஞ்சம் பார்த்து அடி. நிஜமான மேகத்துக்கு மட்டும்.

அக்கா


ஜூன் 26

அக்காவுக்கு,

நிஜமான மேகம் எது என்று யாரிடம் கேட்பேன்?

சரி, முயற்சி செய்கிறேன். பொட்டல் முழுவதும் இருண்டால்தான் அடிப்பேன். ஓரத்தில் தொட்டுவிட்டுப் போகிறதற்கு அடிக்க மாட்டேன். அப்படி விட்டுவிடும் ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் கையில் துடைப்பத்தைப் பிடித்தபடி செத்துப் பிழைக்கிறேன். பக்கத்தில் இருக்கிறவர் எனக்குக் காதல் விவகாரம் என்று நினைக்கிறார். "அந்தப் பொண்ணுதான் எடுக்கலைன்னா விட்டுத் தொலையேம்ப்பா" என்று புத்தி சொல்கிறார்.

பழைய என்ஜினியரை வழியில் பார்த்தேன். அவரையும் வேறெங்கோ மாற்றியிருக்கிறார்கள். கீழே ஆள் இறங்குகிறார்கள் என்று மேலிடத்துக்கு மூன்று முறை சொல்லிப் பார்த்தாராம். ஆற்றுக்குள் இறங்கக் கூடாது என்று கரையில் பலகை வைக்கச் சொல்லிப் பதில் வந்ததாம். பலகை வந்துவிட்டதா?

தம்பி


ஜூலை 20

தம்பிக்கு,

பலகை வந்தது. அதை உன் மாமாதான் குழி தோண்டி நட்டார். நட்டுவிட்டு அதைத் தாண்டி ஆற்றுக்குள் இறங்கினார்.

அவர் உயிரோடு இருக்கிறார். முதலில் அதை எழுதியிருக்க வேண்டும். முன்னே பின்னே வரும், பொறுத்துக்கொள்.

போன வியாழக்கிழமை. நீ கொஞ்ச நாளாகப் பார்த்து அடிக்க ஆரம்பித்த பிறகு எங்களுக்குள் ஒரு நிம்மதி வந்துவிட்டது. நீ அடித்த இரண்டு முறையும் தண்ணீர் வந்தது, அவரும் மறு பேச்சில்லாமல் ஏறினார். அடிக்காத நாள் நல்ல நாள் என்று ஆகிவிட்டது. அன்று காலையிலிருந்து போன் சத்தமே இல்லை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, பார்த்தால் கண் கூசிற்று. "இன்னைக்கு உன் தம்பிக்கு லீவு" என்றார். கிணற்றின் பின்பக்கத்து வலையில் பல நாளாகக் குப்பை சேர்ந்து கிடந்தது. அங்கிருந்து ஏணிக்கு வரச் சுற்ற வேண்டும் என்பதால் அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். அன்று அதை முடித்துவிடுவதாகச் சொல்லிப் பின்னால் போனார்.

மேலே திருப்பத்தில் மணல் திட்டு நிறம் மாறுவதை நான்தான் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது நனைந்து கறுப்பாகிக்கொண்டே வந்தது. எழுந்து குழாயில் அடித்தேன். அவர் கிணற்றின் ஓரத்திலிருந்து தலையை நீட்டி, "போன் வந்துச்சா?" என்று கேட்டார்.

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

ஏன் ஆட்டினேன்? கேட்டார், வரவில்லை, உண்மையைச் சொன்னேன். அத்தனை மாதமாக எங்களுக்குள் கேள்வி அது ஒன்றுதானே. அவர் மறுபடியும் குனிந்துகொண்டார். தண்ணி, தண்ணி என்று நான் கத்த ஆரம்பித்தபோது தண்ணீர் கிணற்றுக்கு வந்துவிட்டது. அவர் காலை வலைச் சட்டத்துக்கும் கிணற்றுச் சுவருக்கும் நடுவே தள்ளி நசுக்கிற்று. பம்ப் ஹவுஸ் ஆட்கள் படகில் போய்க் கொக்கிக் கழியால் பிடித்து இழுத்தார்கள்.

இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஜன்னல் பக்கத்துக் கட்டில். கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்கிறார். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. வெயில் அடித்த நாளில் நீ எதற்குப் போன் செய்வாய்?

ஆனால் மேகமே இல்லாமல் தண்ணீர் எப்படி வந்தது, தம்பி?

அக்கா


ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

மூன்று நாள் உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேனல் கழுவினேன். லீவு கேட்டேன், தரவில்லை. அந்தச் சாவி விசாரணை இன்னும் முடியவில்லையாம், முடியும்வரை பணியிடத்தை விட்டு நகரக் கூடாதாம். நகர்ந்தால் வேலை போகும். போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, நீங்கள் இரண்டு பேரும் இனி எதை நம்பி இருப்பீர்கள் என்று தோன்றவும் நின்றுவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் கிடைத்தது. நம் அணையோடு இன்னொரு சோலாரையும் சேர்த்துவிட்டார்கள். இங்கிருந்து ரயிலில் ஒரு நாள் போக வேண்டிய தூரம். ஜூலை ஆரம்பத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். எங்களுக்கு எதற்குச் சொல்வார்கள்? அந்த வியாழக்கிழமை அங்கே புழுதிக் காற்று அடித்து வெயிலை மறைத்துவிட்டது. அந்தப் பள்ளத்தை நிரப்ப நம் தண்ணீரைத் திறந்தார்கள். நான் இங்கே தெளிந்த வானத்துக்குக் கீழே, இன்றைக்கு அக்காவுக்கு நிம்மதி என்று நினைத்துக்கொண்டு விசிலடித்தபடி தண்ணீர் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நிஜமாகவே விசிலடித்தேன்.

இன்னும் இரண்டு இடங்களைச் சேர்க்கப் போகிறார்களாம். அவை எந்தத் திசையில் இருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியாது.

நான் ஏமாற்றிவிட்டேன், அக்கா. பொய் சொல்லி அல்ல. என் போன் இருக்கிறது என்று உங்களை நம்ப வைத்தேன். அது இல்லாதிருந்தால் மாமா ஆற்றைப் பார்த்துக்கொண்டே வேலை செய்திருப்பார். உன்னிடம் கேள்வி கேட்டிருக்க மாட்டார்.

வேறு யாரையாவது அந்த வேலைக்குப் போட்டுவிட்டார்களா? போட்டால் அந்த ஆளிடம் இதையெல்லாம் சொல்.

தம்பி


ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

போட்டுவிட்டார்கள். என்னைத்தான்.

சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்தார். விபத்துக்கு யாரும் பொறுப்பில்லை, கரையில் பலகை இருக்கிறது, இருந்தாலும் மனிதாபிமானத்தில் அந்த வேலையை வீட்டில் ஒருவருக்குத் தருவதாகச் சொன்னார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், அதில் இரண்டு காலும் உள்ளது நான். உன் மாமா வேண்டாம் என்று அவரிடம் சொல்லவில்லை. சூப்பர்வைசர் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் கூப்பிட்டு, வலையை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், பாசியை எப்படிச் சுருட்டி இழுத்தால் கை கிழியாது என்று சொல்லிக்கொடுத்தார். அவரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியதில் இப்படி மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமையிலிருந்து இறங்குகிறேன். அவர் கரையில் உட்காருவார், பொத்தான் தைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார், எல்லாவற்றையும் கோணலாகத் தைக்கிறார். ஸ்பேனர் அவர் கையில், போன் அவர் மடியில். போன் அடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன், ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், கண் சிமிட்ட மாட்டேன் என்றார். திருப்பத்தில் தண்ணீர் தெரிந்த பிறகு நான் ஏணிக்கு வந்து சேர முடியாது என்று அவருக்கும் தெரியும். அதை நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.

நீ ஏமாற்றியதாக எழுதியிருந்தாய். அந்த வார்த்தையை இனி எழுதாதே. வேலையை விட்டுவிட்டும் வராதே. உன் தலைக்கு மேலே வருகிற மேகத்துக்கு நீ அடித்துக்கொண்டே இரு. சின்னதோ பெரியதோ, எல்லாவற்றுக்கும் அடி. நான் ஒவ்வொன்றுக்கும் ஏறுவேன். மேட்டுத் தெரு என்னைத் திட்டட்டும். அடிக்காமல் இருந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் நேற்று, போன் அடிக்காமலே ஒரு பகல் முழுக்கக் கழிந்தபோது, இன்னும் வேலைக்கே போகாத எனக்கு மனசு தானாக லேசாகிவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா